ஆட்குறைப்பா, வி.ஆர்.எஸ்.ஸா? கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

ஆலையை மூடும்போது நிர்வாகம் முதலில் நீட்டுவது பெரும்பாலும் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுப் படிவத்தைத்தான். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ்.ஸில் போய்விட்டார்கள். மொத்தமாக ஒரு தொகை கையில் வருகிறதென்றால் மறுக்க மனம் வராது, வாடகையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கின்றனவே. ஆனால் எந்தத் தாளில் கையெழுத்திடுகிறோம் என்பதை வைத்தே பொதுப் பணத்தில் நமக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது முடிவாகிறது.

மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் எட்டு ஆண்டு வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு என்றால் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் இழப்பீடு, அது ஏறத்தாழ 72,000. முன்னறிவிப்பு தராவிட்டால் அதற்கு ஈடாகக் குறைந்தது ஒரு மாதச் சம்பளம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, புதிய திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் ஊதியம், 9,000 ரூபாய், 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வரவேண்டும்.

பெரிய தொகை ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கிறது. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டம் முதல் 12 மாதம் ஊதியத்தில் பாதியும், அடுத்த 12 மாதம் கால்பங்கும் தருகிறது. வேலையே கிடைக்காமல் போனால் இரண்டு ஆண்டில் 1,62,000 வரை. குடும்பத்துக்கு மருத்துவமும் தொடரும். எல்லாம் கூட்டினால் சுமார் 2,61,000. கிராஜுவிட்டி இரண்டு வழியிலும் உண்டு என்பதால் அதைச் சேர்க்கவில்லை. வி.ஆர்.எஸ். தொகை இதைவிடக் கணிசமாக அதிகமென்றால் வாங்கிக்கொள்ளலாம். குறைவென்றால் ஆட்குறைப்பு உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். விருப்ப ஓய்வில் போனவருக்கு இந்த ஈ.எஸ்.ஐ. படியும் இல்லை, மறுதிறன் நிதியும் இல்லை.

சம்பளம் 21,000-ஐத் தாண்டியவர்கள் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பதால் அவர்களுக்குப் பேரம்தான் வழி. மறைமலை நகர் ஃபோர்டு தொழிலாளர்கள் 2022-ல் போராடிப் பெற்றது சட்டம் சொல்லும் 15 நாளைப் போலப் பல மடங்கு.

ஈ.எஸ்.ஐ.யிலேயே இன்னொன்று, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. அதிகபட்சம் 90 நாள், ஊதியத்தில் பாதி, வாழ்நாளில் ஒரே முறை. நம் உதாரணத்தில் 27,000. தொகை சிறியது, ஆனால் கேட்கும் தகுதியும் குறைவு. "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாய்மொழியாகவே அனுப்பப்படும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, ஈ.எஸ்.ஐ. எண் இருந்தால், எட்டக்கூடியது இதுதான். இதிலும் வி.ஆர்.எஸ். செல்லாது. இது தற்காலிகத் திட்டம், அவ்வப்போது நீட்டிக்கப்படுகிறது. நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். மறுதிறன் நிதி என்று பெயர் வைத்துவிட்டு அரை மாதச் சம்பளம் தருவது போதவே போதாது. அதுவும் முதலாளி கட்டுகிற பணம், அரசின் பங்கு இல்லை. பதினைந்து ஆண்டு ஒரே அசெம்பிளி லைனில் நின்றவர் புதிய தொழில் கற்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வீட்டில் உலை வைக்க வேண்டும். ஆகவே ராஜீவ் காந்தி திட்டத்தில் உள்ள பயிற்சியை, பாதி ஊதியம் வந்துகொண்டிருக்கும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டின் கால்பங்கில் குடும்பமும் படிப்பும் சேர்ந்து நடக்காது.

பி.எஃப். பணத்தை அவசரத்துக்கு எடுக்கலாம், ஓய்வூதியப் பகுதியைத் தொடாதீர்கள். பத்து ஆண்டுப் பணி இருந்தால்தான் ஓய்வூதியம். எட்டு ஆண்டு முடித்தவர் அதைப் பணமாக எடுத்தால் எட்டும் அழிந்துவிடும். திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால் அடுத்த வேலையில் இன்னும் இரண்டு ஆண்டு போதும்.

எதில் கையெழுத்திடுவதானாலும் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்தத் தாளில் "ராஜினாமா", "விருப்ப ஓய்வு" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று சங்கத்தாரிடமோ ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ காட்டிவிட்டுப் பேனாவை எடுங்கள்.