மூடுபனியில் ஸ்கூட்டர்: இடரை எடைபோடுதல்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லி முதலான வடஇந்தியச் சமவெளி நகரங்களின் சாலைகளை அதிகாலை மூடுபனி மறைப்பதுண்டு. பார்வைத் தொலைவு 50 மீட்டருக்கும் குறைந்தால் அதனை 'மிக அடர்ந்த மூடுபனி' என்கிறது வானிலைத் துறை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டர் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். தடையைக் கண்டு பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி ஆயின், அதற்குள் 25 மீட்டர் கழிந்துவிடும். ஈரச்சாலையில் எஞ்சிய தொலைவுக்குள் நிற்பது அரிது. வேகத்தைப் பாதியாக்கினால், பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு நான்கில் ஒன்றாகும். முகப்பு விளக்கைத் தாழ்த்தியே எரியவிட வேண்டும். உயர்த்திய ஒளி பனித்துளிகளில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும்.

ஆயினும், பின்னால் வரும் லாரியின் வேகம் நம் கையில் இல்லை. அவ்விடரைத் தவிர்க்கும் உறுதியான வழி, பனி விலகும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதே. தாமதம் ஈடுசெய்யத்தக்க இழப்பு, உயிரிழப்பு அத்தகையதன்று.