எழுப்ப ஆள் வேண்டாம், கேட்க ஆள் தேடு

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தது குரலிலேயே தெரிந்தது, அதனால் "பாப்போம்" என்று வைத்துவிட்டேன். தினமும் காலை ஐந்து மணிக்கு நான் உன்னை போனில் எழுப்ப வேண்டும், கிரவுண்டுக்குப் போனாயா என்று விசாரிக்க வேண்டும் என்கிறாய். மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன், நீ சங்கரன்கோவிலில் இருக்கிறாய். போர்வைக்குள் கிடந்தபடியே "எந்திச்சிட்டேன் அத்தை" என்று நீ சொன்னால் எனக்கு என்ன தெரியப்போகிறது? தெரிந்தாலும் திட்ட வாய் வராது. பாவம், ராத்திரி வெகுநேரம் படித்திருப்பாள், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்றுதான் தோன்றும். இந்த வேலைக்குப் பாசம் ஆகாது. சொந்தப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்த பி.டி. டீச்சர்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று பிள்ளையை வதைத்து எடுப்பார்கள், இல்லையென்றால் கண்டும் காணாமல் விடுவார்கள். நடுவாக நின்றவர்கள் குறைவு.

எழுப்பிவிட அலாரம் போதும். எழுந்தாயா, போனாயா, செய்தாயா என்று கேட்கத்தான் ஆள் வேண்டும்.

உன் முன்னால் இருக்கிற வேலையைப் பார். காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள் ஓட வேண்டும். அதில் தேறினால்தான் நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், 100 மீட்டர் எல்லாம். நீளம் தாண்டுதலில் 3 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 3.75 மீட்டருக்கு இரண்டு. (புது அறிவிப்பு வந்ததும் இந்த அளவுகளை ஒருதரம் சரிபார்த்துக்கொள்.) இரண்டரை நிமிடம் என்றால் 200 மீட்டருக்கு 75 நொடி. கல்லூரியில் கோ-கோ ஆடிய உனக்கு இது ஒன்றும் மலையில்லை. ஆனால் நான் பார்த்தவரை, தோற்றுப்போகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் முதல் 200 மீட்டரை ஐம்பது நொடியில் பறந்துவிட்டு, அடுத்த பாதியில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள். எழுத்துத் தேர்வு முடிவு வரட்டும், பிறகு ஓடலாம் என்று உட்கார்ந்திருப்பவர்களும் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் கிடைக்கிற நாட்களில் நெஞ்சும் காலும் தயாராகிவிடாது. நீ இப்போதே ஆரம்பிக்க நினைத்தது நல்ல புத்தி. ஆனால் தேர்வு தூரத்தில் இருக்கும்போது காலையில் எழுந்து ஓடச் சொல்லி உன்னை நெருக்க எதுவும் இல்லை. ஆள் தேவைப்படுவது அதற்குத்தான்.

யாரைப் பிடிக்கலாம்? யாரைப் பிடிக்கக் கூடாது என்பதிலிருந்து வருகிறேன்.

அம்மா வேண்டாம். நீ தும்மினாலே கஷாயம் போட்டுப் படுக்க வைத்துவிடுவாள். அப்பா வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் நீ போகாமல் இருந்தால், "இதெல்லாம் ஒனக்கு ஒத்து வராதும்மா" என்று ஆரம்பித்து, போன மாதம் வந்த கோவில்பட்டி வரனில் கொண்டுபோய் நிறுத்துவான். என் அண்ணனை எனக்குத் தெரியாதா? உன் சிநேகிதியும் வேண்டாம். அவள் நல்ல பிள்ளைதான். ஆனால் உங்கள் இருவருக்கும் ஒரே நாளில் சோம்பல் வரும், "நாளைக்குச் சேத்து ஓடிக்கிடலாம்" என்று ஒருத்திக்கொருத்தி மன்னிப்பு கொடுத்துக்கொள்வீர்கள்.

காவலர் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாய். கேள்வித்தாள் வாங்கிக்கொள்ள அது நல்லது, ஓட்டத்துக்கு உதவாது. ரிங்கெல்மன் என்று ஒரு பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்தார். 1913-இல் அதை வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட மொத்த பலம் ஏறியது, ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் குறைந்துகொண்டே வந்தது. பள்ளி ஆண்டுவிழா வடம் இழுக்கும் போட்டியில் கடைசி வரிசையில் நின்று, முகத்தை மட்டும் இறுக்கிக்கொள்கிற பிள்ளைகளை நான் எத்தனை பார்த்திருப்பேன்! அத்தனை பேர் இருக்கிற குழுவில் நீ இரண்டு நாள் வராவிட்டால் யார் தேடப்போகிறார்கள்? கட்டைவிரல் படம் ஒன்று போட்டால் ஓடினதாகக் கணக்கு.

இரண்டு பேர் என்றால் கதை வேறு. 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ கேலர் என்பவர் பெர்லின் படகோட்டும் சங்கத்தில் ஒரு சோதனை செய்தார். தனியாக எவ்வளவு நேரம் எடை தூக்குகிறார்கள் என்று அளந்துகொண்டு, பிறகு ஜோடி சேர்த்து, ஒருவர் விட்டால் இருவருக்கும் நின்றுபோகிற மாதிரி வைத்தார். பலம் குறைந்தவர்கள் தனியாகத் தூக்கியதைவிடக் கூடுதல் நேரம் தாங்கினார்கள். என்னால் இன்னொருத்தருக்கும் கெட்டுப்போகக் கூடாதே என்கிற எண்ணம்தான். இதில் கவனிக்க வேண்டியது, இருவரின் பலத்துக்கும் நடுவில் ஓரளவு வித்தியாசம் இருந்தபோதுதான் பலன் அதிகம். சரிசமமாக இருந்தாலும் குறைவு, எட்டவே முடியாத தூரத்தில் இருந்தாலும் குறைவு. ஆகவே உன்னோடு ஓட ஒருத்தி வேண்டுமென்றால், உன்னைவிடக் கொஞ்சம் வேகமான பிள்ளையாகப் பார். சிநேகிதியாக இருக்க வேண்டும் என்றில்லை. அவளும் இதே தேர்வுக்குப் போகிறாள், போட்டி ஆச்சே என்று தயங்காதே. நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கிற தேர்வில் உன் இடத்தை அவள் ஒருத்தியா தட்டிப் பறிக்கப்போகிறாள்?

அவள் ஓடித் தருகிற வேகத்தைவிட, அவள் கண் உனக்கு உதவும். ஓடும்போது உன்னை நீ பார்க்க முடியாது. 200 மீட்டர் கோட்டில் அவளை போன் ஸ்டாப்வாட்சோடு நிற்கச் சொல். நீ கடக்கும்போது நொடியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "அறுபது" என்று காதில் விழுந்தால் அவசரப்பட்டுவிட்டாய், மூச்சைச் சமாளித்துப் போ. "எழுபத்தஞ்சு" என்றால் இரண்டாவது பாதியில் கொஞ்சமும் தளரக் கூடாது. எழுபதை ஒட்டி வந்தால் நல்லது. நீளம் தாண்டுதலில் இன்னும் மோசம். மணலில் விழும்போது பின்னால் கை ஊன்றினாயானால் அந்தக் கைத்தடத்திலிருந்துதான் டேப் பிடிப்பார்கள். நல்ல தாவலில் ஒன்றரை அடி அங்கேயே போய்விடும். உனக்கோ கை ஊன்றினதே ஞாபகம் இருக்காது. பலகையை மிதித்தாயா, தாண்டி மிதித்தாயா என்பதும் அப்படித்தான். பார்த்துச் சொல்ல ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும்.

அவள் ஓட்டத்துணை. கணக்கு கேட்பதற்கு வேறு ஆள் வைத்துக்கொள். இரண்டையும் ஒருத்தியிடமே கொடுத்தால், அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு உனக்கும் லீவு.

உங்கள் தெருவில் பால் சொசைட்டிக்குக் கேனோடு போகிற அக்கா இருக்கிறாளே, சைக்கிளில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு? தினமும் விடியுமுன்னே உங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறாள். மழையென்றும் தீபாவளியென்றும் பார்க்க மாட்டாள், மாடு பார்க்காதே. அவளுக்கு 400 மீட்டரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. உன்மேல் கோபமும் இல்லை, பெரிய பாசமும் இல்லை. இந்த வேலைக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் உனக்கு ஊரில் கிடைக்க மாட்டாள். போய் இப்படிச் சொல்: "அக்கா, நீங்க போற நேரத்துக்கு நான் ஷூ மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கணும். நிக்கலன்னா மறுநா என்னைய ஏன்னு கேக்கணும்." அவ்வளவுதான். அறிவுரை சொல்லச் சொல்லாதே, திட்டச் சொல்லாதே. "ஏளா, நேத்து ஏன் காணும்?" என்று அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும். பதில் சொல்ல நீ படுகிற சங்கடம் இருக்கிறதே, அது எந்த அலாரத்திலும் கிடையாது.

ஓசியில் வாங்காதே. அவள் மகள் பத்தாம் வகுப்பு என்று அண்ணி சொன்ன ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடு. அவள் உனக்கு உபகாரம் செய்கிறவளாக மட்டும் இருந்தால் பத்து நாளில் கேட்பதை விட்டுவிடுவாள். கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் உரிமையோடு கேட்பாள்.

சில பேர் பணம் கட்டச் சொல்வார்கள், வராத நாளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வருகிற பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறிப்போயிற்று. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2000-இல் வெளிவந்த ஆய்வு அது. காசைக் கட்டிவிட்டோம் என்றதும் கூச்சம் போய்விடுகிறது. உனக்குக் கூச்சம்தான் வேண்டும்.

இன்னொன்று. கேட்கிறவர்கள் உன்னைத் தேடி வரும்படி விடாதே. நீயாகப் போய்க் கணக்கு ஒப்பி. கென்யாவின் கிப்சோகே தெரியுமே, 2019-இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடியவர். அன்றைக்கு அவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்க 41 பேர் மாறி மாறி ஓடினார்கள். எல்லாரும் அந்தக் காட்சியைத்தான் பேசுகிறார்கள், எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்தது. பையனாக இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தடை ஓட்ட வெள்ளி வாங்கியவருமான பேட்ரிக் சாங்கிடம் போய், எனக்கு ஒரு பயிற்சித் திட்டம் கொடுங்கள் என்று கேட்டார். சாங் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். அதை முடித்துவிட்டு கிப்சோகே வந்து நின்றார், அடுத்தது கேட்டார். மறுபடி முடித்தார், மறுபடி வந்தார். சாங் அவரைத் தேடிப் போகவில்லை. 2003-இல் பாரிஸில் அந்தப் பையன் 5,000 மீட்டரில் உலக சாம்பியன். நம் ஓட்டக்காரி பி.டி. உஷாவுக்கு நம்பியார் கிடைத்த மாதிரி எல்லாருக்கும் பயிற்சியாளர் கிடைக்க மாட்டார், ஆனால் போய் நிற்கிற பழக்கத்துக்கு யார் தயவும் வேண்டாம்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தேதி, வந்தேனா, என்ன செய்தேன், எங்கே வலி. இந்த நான்கு போதும். எடையை எழுதாதே, யாரிடமும் சொல்லாதே. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும், அதைப் பார்த்து மனசு ஆடும். 400 மீட்டரை தினமும் நேரம் பிடிக்க வேண்டாம், பத்து நாளைக்கு ஒருதரம் பிடித்தால் போதும். மற்ற நாளில் மெதுவோட்டம், 200 மீட்டர் துண்டு துண்டாக, கொஞ்சம் படியேற்றம். நோட்டை வாரம் ஒருதரம் உன் ஓட்டத்துணையிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவளுடையதை நீ படி.

வலி என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கேட்க ஆள் வைத்துக்கொண்ட பிள்ளைகள் சிலர் வெட்கத்துக்குப் பயந்து, வலியை மறைத்து ஓடிப் படுத்துவிடுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் தொட்டால் சுள்ளென்று வலித்தால் அது சோம்பல் இல்லை. தார் ரோட்டை விட்டுவிட்டு மண் தரையில் நட, இரண்டு நாள் ஓடாமல் இரு, வலி விடாவிட்டால் டாக்டரைப் பார். மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் மெல்ல ஓடு, முடியாவிட்டால் வாசலில் வந்து நின்று "இன்னைக்கு முடியலக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படு. வாசலுக்கு வந்தாலே வந்த கணக்குத்தான். ஆண் பயிற்சியாளரிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு காரணம் தேடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெண்ணாகப் பார்த்துச் சேர்த்துக்கொள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியும் மூச்சு வாங்குவது குறையவில்லை என்றால் மனசைக் குறை சொல்லாதே, ரத்தத்தைப் பார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எந்தத் துணை வந்து நின்றாலும் கால் ஓடாது. உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். உண்மையில் ஓட ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது, இந்த வாரமே போ.

அந்த முடிவை மட்டும் எனக்கு போனில் படம் பிடித்து அனுப்பு. இருட்டோடு பெண்பிள்ளை கிரவுண்டுக்குப் போவதா என்று உன் அப்பா ஒரு பாட்டம் பேசுவான். கூட ஒருத்தி வருகிறாள், பால்காரி அக்கா தெருவில் இருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீ வாய் கொடுக்காதே. ஷூவுக்குப் பணம் போட்டிருக்கிறேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற சாயங்கால நேரத்தில் கடைக்குப் போய், விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்கு.

அன்புடன்,
அத்தை