தக்காளி இலைக்கு மருந்து: மழைக்கு முன்னே அடியுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தக்காளி வைத்தவர்களுக்குத் தொல்லை முன்கருகல். அடி இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள். குளிரும் மூடுபனியும் உள்ள வட்டவடை, காந்தளூரில் பின்கருகல்தான் எமன். அசந்தால் சில நாளில் செடியே கருகிவிடும்.

பூஞ்சாணக்கொல்லி வருமுன் காக்கும், கருகிய இலையைப் பச்சையாக்காது. எனவே மழை பிடிக்குமுன், இலை காய்ந்திருக்கும்போது, அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். புள்ளி விழுந்த அடி இலைகளை முதலில் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கு போர்டோ கலவையே போதும் என்பது என் கட்சி. 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்த இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே அடித்து முடிக்கவேண்டும். இளநாற்றுக்கு வேண்டாம், தளிர் பொசுங்கும்.

கடை மருந்தென்றால் மேன்கோசெப், லிட்டருக்கு 2 கிராம். பழுத்ததைப் பறித்துவிட்டு அடியுங்கள்; அடுத்த பறிப்புக்கு எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்பது உறையிலேயே இருக்கும். சூடோமோனாஸ் தெளிப்பவர்கள் அதைச் செம்பு மருந்தோடு கலக்கக்கூடாது, பாக்டீரியா செத்துவிடும்.

இலை சுருண்டால் அது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். பச்சையாகவே செடி திடீரென வாடினால் பாக்டீரியா வாடல். இரண்டுக்கும் பூஞ்சாணக்கொல்லி வீண் செலவு. வாடலைத் தாங்கும் கேரள வேளாண் பல்கலைக்கழக ரகங்களான சக்தி, முக்தி, அனகா விதை கிடைக்குமா என்று உங்கள் கிருஷி பவனில் கேட்டுப் பாருங்கள்.