பிளஸ் டூ முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்கள் நீட் எழுத எந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பது?



"பிளஸ் டூ முடித்து ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது நீட் எழுதலாமா?" திருவெறும்பூர், காட்டூர், துவாக்குடி பக்கத்துக் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி நம்மிடம் வருகிறது. கேட்பவர் லேப் டெக்னீஷியனாக இருப்பார், பி.எஸ்சி. முடித்து வேலைக்குப் போகிறவராக இருப்பார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடி புத்தகத்தை எடுத்த சகோதரியாகவும் இருப்பார். "வயசாயிடுச்சு, விடு" என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள். "வர்ற மே மாசமே எழுதிடு" என்று சிலர் அவசரப்படுத்துகிறார்கள். இரண்டையும் கேட்டு முடிவெடுக்காமல், கணக்குப் போட்டு ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நம் ஆலோசனை.

வயது தடையா?

சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு இல்லை. பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று முன்பு இருந்த வரம்பை நீக்கியதாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் அறிவித்தது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்கள், பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியிருந்தாலும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் அனுமதி வந்தது.

தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் 2025இல் தம் மகளோடு சேர்ந்து நீட் எழுதித் தேறினார். மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. தருமபுரி மாவட்டத்து 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 2022 ஜனவரியில் நடந்த கலந்தாய்வு வரை வந்தார். இளைஞர் ஒருவருக்கு அந்த இடம் போகட்டும் என்று மருத்துவம் படித்த தம் மகன் சொன்னதை ஏற்று விலகிக்கொண்டார். இருவருக்கும் சட்டம் வழிவிட்டது. முடிவை அவரவர் எடுத்தார்கள்.

எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு. 28 வயதில் சேர்ந்தால் வெளியே வரும்போது 33 தாண்டிவிடும். அதுவரை வீட்டுச் செலவை யார் பார்ப்பது, பிள்ளைகளை யார் கவனிப்பது என்பதைக் கணவன், மனைவி, பெற்றோர் உட்கார்ந்து பேசிய பிறகே முதல் புத்தகத்தை வாங்குங்கள்.

மணிக் கணக்கு

முழு நேரமாகப் படிக்கும் மாணவர் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் என்று வைத்தால் 48 மணி நேரம். பத்து மாதத்தில் ஏறத்தாழ 2,000 மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகிறவர் அன்றாடம் 2 மணி நேரமும் ஞாயிறன்று 6 மணி நேரமும் படித்தால் வாரத்துக்கு 18தான். அதே 2,000 மணி நேரத்தைத் தொட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே வேலையோடு படிப்பவர் அடுத்த மே மாதத்தை விட்டு, அதற்கும் அப்பால் ஒரு தேர்வைக் குறிவைப்பதே நல்லது. வேலையை விட்டுப் படிக்க முடிந்தவர், பத்து மாதச் செலவுக்குப் பணம் கையில் சேர்ந்த பிறகு விடட்டும்.

"இப்போதே எழுதி மார்க்கை வைத்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் வேண்டாம். இந்தியாவில் சேர அந்த ஆண்டு மதிப்பெண் அந்த ஆண்டுக்கு மட்டுமே செல்லும். மூன்றாண்டு செல்லுபடி என்பது வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு.

பழைய புத்தகம் போதாது

தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டத்தில் முதல் பிளஸ் டூ தேர்வு 2020 மார்ச்சில் நடந்தது. அதற்கு முன் முடித்தவர்கள் வீட்டில் இருக்கும் பழைய புத்தகத்தை நம்ப வேண்டாம். நீட் பாடத்திட்டமும் 2024 தேர்விலிருந்து மாறியிருக்கிறது. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180க்கு விடை எழுதச் சொன்னார்கள். 2025இல் 180 கேள்வி, 180 நிமிடம், விருப்பத் தேர்வு இல்லை. உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் ஒன்று குறையும். பல ஆண்டு இடைவெளி விட்டவருக்குக் கணக்குப் போடும் வேகம் குறைந்திருக்கும் என்பதால் இயற்பியலை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள்.

ரமலானும் விண்ணப்பமும்

ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வருகிறது. 2025இல் மார்ச் தொடக்கத்தில் நோன்பு தொடங்கியது. விண்ணப்பத்தின் கடைசி நாள் மார்ச் 7. தேர்வு மே 4. நோன்பும் தராவீஹும் உள்ள மாதத்தில் புதுப் பாடம் எடுக்காமல், ஸஹர் முடித்த பிறகு படித்ததைத் திருப்பிப் பார்க்கும்படி அட்டவணை போடுங்கள். விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். தமிழ் வினாத்தாள் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும்.

தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை. வீட்டில் மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள். ஹிஜாப் அணியும் சகோதரிகள் சோதனைக்காக முன்கூட்டியே மையத்துக்குப் போக வேண்டும். லுஹர் தொழுகையை எங்கே, எப்போது தொழுவது என்று முன்பே திட்டமிடுங்கள்.

சான்றிதழ்கள்

முஹம்மது என்று ஒன்றில், முகமது என்று இன்னொன்றில். மார்க் ஷீட்டில் தகப்பனார் இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். இந்தச் சிக்கலை விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே சரிசெய்யுங்கள். மாநில ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் உண்டு. அதற்குரிய சாதிச் சான்றிதழ் தயாராக இருக்கட்டும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி இடம் கேட்பவர், மத்தியப் பட்டியலில் தம் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு அந்தந்த வகுப்புச் சான்றுகளை அப்பள்ளிகளில் பெற்று வையுங்கள்.

எத்தனை முறை?

சட்டம் வரம்பு வைக்கவில்லை என்பதால் நாம் வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை முறை, அதற்கு மேல் இல்லை என்று தொடங்கும் நாளிலேயே வீட்டார் அறிய எழுதி வையுங்கள். கிடைக்காவிட்டால் நர்சிங், பார்மசி, பிசியோதெரபி போன்றவற்றில் எது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் உயர்வுக்கு வழி இருந்தால் அதையும் சேருங்கள். இப்படி எழுதி வைத்த வீட்டில், தேர்வு முடிவு வரும் நாள் யாரையும் நிலைகுலைய வைக்காது.

முயற்சி நம்முடையது, அதைக் கணக்கோடு செய்வோம். அல்லாஹ் பரக்கத் செய்வானாக.