நெடுந்தீவுக்குக் கமராவோடு குழுவாகப் போகிறீர்களா?

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடிய யாழ்ப்பாணம். அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை. பிறகு சுமார் ஒரு மணி நேரக் கடற்பயணம்.

● ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், கடலும் கொந்தளிக்கும். தவிர்ப்பது நல்லது. படகு நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள்.

● காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினால் உச்சி வெயில்தான் மிஞ்சும். ஓரிரவு தங்கினால் விடியல், அந்தி இரண்டின் வெளிச்சமும் கிடைக்கும்.

● படகில் லென்ஸ் மாற்ற வேண்டாம். உப்புநீர் தெறித்தால் முதலில் ஈரத்துணியால் ஒற்றுங்கள். காய்ந்த உப்பைத் தேய்த்தால் லென்ஸில் கீறல் விழும்.

● வெளிறிய மணலும் பவளக்கல் மதிலும் படத்தை நிறைத்தால் கமரா அதை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 வரை கூட்டிப் பாருங்கள்.

● தீவிலுள்ள பெருக்கு (பாவோபாப்) மரத்தடியில் ஒருவரை நிறுத்தி எடுங்கள். மரத்தின் பருமன் அப்போதுதான் விளங்கும்.

● தீவில் திரியும் மட்டக் குதிரைகளை விரட்டவோ தீனி காட்டி அழைக்கவோ கூடாது. 200 மி.மீ. லென்ஸோடு தள்ளி நில்லுங்கள்.

● ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை. புறப்படுமுன்பே பெற்றுவிடுங்கள்.

● ஊராரைப் படமெடுக்குமுன் கேளுங்கள். தண்ணீர்ப் போத்தல்களைத் தீவில் விட்டுவராதீர்கள்.