‘நன்று’ என்று எழுதினாலும் காட்டிவிடுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

மறைமலைநகர்த் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருக்கும் நீங்கள், முதன்முறையாக உங்கள் ஆட்களுக்கு அப்ரைசல் எழுதப்போவதாகச் சொல்லி, “யார் மனமும் நோகாமல் எல்லோருக்கும் ‘நன்று’ என்று போட்டுவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த ஒற்றைச் சொல்லால் பதவி உயர்வை இழந்தவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

அவர் பெயர் தேவ் தத். எல்லைச் சாலைகள் பணியில் பொறியாளராக இருந்தார். கண்காணிப்புப் பொறியாளராக உயர, முந்தைய ஐந்து ஆண்டுகளும் ‘மிக நன்று’ வாங்கியிருக்க வேண்டும். அவருக்கு 1993-94இல் மட்டும் ‘நன்று’ என்று எழுதிவிட்டார்கள். குறை சொல்லும் குறிப்பு இல்லையே என்று அதை அவரிடம் தெரிவிக்கவும் இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போனார்கள். குறிப்பு நல்லதோ கெட்டதோ, எதுவானாலும் ஊழியருக்குத் தெரிவித்து, முறையிட வாய்ப்பும் தர வேண்டும் என்று 2008 மே மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். எனக்கு ஆறாத இடம் இதுதான். மறுவருடம் மத்திய அரசு, ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் ஊழியரிடம் காட்டி, முறையிட 15 நாள் அவகாசம் தரும் நடைமுறையைக் கொண்டுவந்தது.

அது அரசு ஊழியர்களுக்கான தீர்ப்பு. உங்கள் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலுள்ள நியாயம் உங்கள் ஷிஃப்டுக்கும் பொருந்தும்.

அந்த நியாயம் நமக்குப் புதிதும் அல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூருக்கு ஒருமுறை போய்வாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய ஊர்ச்சபைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. அவற்றின்படி, சபையின் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை. ஒருவரை விலக்குவது எதற்காக என்பதை ஊரே பார்க்கும்படி சுவரில் எழுதிவைத்தார்கள். நம் அலுவலகங்களில் பூட்டிய ஃபைலுக்குள் கிடக்கும் ரேட்டிங்கைவிட அது எவ்வளவோ நேர்மையானது.

அதனால், ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதத் தோன்றினால், எந்தத் தேதியில், எந்த வேலையில் என்று சேர்த்து எழுதுங்கள். தேதி நினைவுக்கு வராவிட்டால் அந்த வரியே வேண்டாம். மார்ச்சில் உட்கார்ந்து எழுதும்போது பிப்ரவரியில் நடந்த சண்டைதான் மனதில் நிற்கும். டிசம்பர் மழையில் ஸ்டோருக்குள் தண்ணீர் புகுந்த இரவு வீட்டுக்குப் போகாமல் சரக்கை மேலே ஏற்றியவரின் உழைப்பு மறந்துபோகும். மாதம் ஒருமுறை ஆளுக்கு இரண்டு வரி குறித்துவைத்தால் போதும். குறிக்கும்போதே சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடுங்கள். குறையை வருடக் கடைசியில்தான் கேள்விப்படுகிறார் என்றால், திருத்திக்கொள்ள அவருக்கு ஏது நாள்?

இந்த வருடத்துக்கு அந்தக் குறிப்புகள் உங்களிடம் இருக்காது. எனவே, செய்த வேலைகளை அவர்களையே முதலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மதிப்பீட்டின் கீழே அவர் பதிலுக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டு, ஹெச்.ஆர். கைக்குப் போவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்