செக்கனைக் காப்போர்



நீளத்தை அளக்க அளவுகோலும் நிறையை அளக்கத் தராசும் வேண்டும் என்பதைச் சிறு வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறோம். அளவுகோலை மேசைமேல் வைத்துவிட்டுச் சென்று, ஓராண்டு கழித்து எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். காலத்தை அளக்கும் கோலையோ அவ்வாறு விட்டுச்செல்ல இயலாது. அது ஓயாது இயங்கவேண்டும். ஒரு கணம் ஓய்ந்தாலும் அளவு அறுந்துவிடும். காலமளத்தல் என்னும் கலையின் அருமையும் அருங்கடினமும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும், ஆய்வுகூடங்களும் தொலைபேசி நிலையங்களும் கழித்துவிட்ட பழைய நியமக் கருவிகளைத் தேடி வாங்கி, தம் வீட்டு அறையிலேயே திருத்தி, இரவு பகலாக இயக்கிவரும் ஆர்வலர் உளர். இவர்களுக்கு இதனால் ஊதியம் இல்லை. செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கையும் தவறவிடாது அளப்பதே இவர்களின் இன்பம். இவர்கள் செய்வது யாது, எதற்காகச் செய்கின்றனர் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

1. அலைவும் எண்ணிக்கையும்

எந்த மணிக்கூட்டிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ஒரே சீராக அலைவது. மற்றையது, அவ்வலைவுகளை எண்ணுவது. ஒரு செக்கனில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கையே மீடிறன் எனப்படும். அதன் அலகு ஹேட்ஸ்.

ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான ஊசல் ஒரு முழு அலைவுக்கு ஒரு செக்கன் எடுக்கும். உங்கள் கைக்கடிகாரத்தின் உள்ளே இருக்கும் சிறு குவாட்ஸ் பளிங்கு ஒரு செக்கனில் 32,768 தடவை அதிர்கின்றது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை இரண்டாற் பிரித்துப் பாருங்கள். சரியாக ஒன்று கிடைக்கும். கடிகாரத்தின் உள்ளிருக்கும் மின்சுற்று இந்த வகுத்தலையே ஓயாமற் செய்து, செக்கனுக்கு ஒரு துடிப்பைத் தருகின்றது.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர். நாழிகை 24 நிமிடம். விநாழிகை 24 செக்கன். பாசறையில் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவித்தோரை முல்லைப்பாட்டிற் காண்கிறோம். அங்கும் சீராகச் சொட்டும் நீர் ஒன்று. அதைக் கணக்கிடுவோர் மற்றொன்று. அலைவது மாறலாம், முறை மாறவில்லை.

2. ஒப்பிடாதது அளவன்று

ஒரு மணிக்கூடு சரியாக ஓடுகின்றதா என்பதை அதனிடமே கேட்டறிய முடியாது. அதனினும் சிறந்த ஒன்றோடு ஒப்பிட்டே அறியலாம்.

இலண்டனில் இதற்கு ஓர் அழகிய வரலாறு உண்டு. 1836 ஆம் ஆண்டில் கிறீனிச் வானாய்வகத்திற் பணியாற்றிய ஜோன் ஹென்றி பெல்வில் என்பார், நுட்பமான ஒரு கடிகாரத்தை வானாய்வகத்திற் சரிபார்த்து, நகரத்து மணிக்கூட்டுக் கடைகளுக்கு எடுத்துச்சென்று நேரத்தை வழங்கலானார். அவருக்குப் பின் அவர் மனைவியும், 1892 இலிருந்து மகள் ரூத்தும் இத்தொழிலைத் தொடர்ந்தனர். தந்தியும் வானொலியும் வந்த பின்னரும், ரூத் பெல்வில் அம்மையார் 1940 வரை தம் கைப்பையில் நேரத்தைச் சுமந்து வீதிவீதியாகச் சென்றார். ஒரு குடும்பம் நூறாண்டுக்கு மேலாகச் சரியான நேரத்தை விற்று வாழ்ந்தது.

இன்று அவ்வேலையை வானொலி அலைகள் செய்கின்றன. பிரித்தானியாவின் 60 கிலோஹேட்ஸ் நேர ஒலிபரப்பு 2007 வரை றக்பியிலிருந்தும், அதன் பின் கம்பிரியாவிலுள்ள அன்தோர்னிலிருந்தும் வந்தது. டுறொயிற்விச் நெட்டலை ஒலிபரப்பின் மீடிறன் 1988 பெப்ரவரி முதலாம் நாள்வரை 200 கிலோஹேட்ஸாகவும் பின்னர் 198 கிலோஹேட்ஸாகவும் மிகுந்த செம்மையுடன் பேணப்பட்டமையால், அது நெடுங்காலம் ஆர்வலர்க்கு இலவச நியமமாக விளங்கிற்று. செய்திகளைக் கேட்டவர் பலர். செய்தியைச் சுமந்த அலையை அளந்தவர் இவர்கள்.

மற்றொன்றையும் மனத்திற் கொள்க. உங்களிடம் இரண்டு மணிக்கூடுகள் இருந்து, அவை வேறுபட்டால் எது பிழை என்று கூற முடியாது. மூன்று இருந்தால், இரண்டோடு இசையாத ஒன்று தானே வெளிப்பட்டுவிடும். ஆதலால் இவ்வார்வலர் வீடுகளில் நியமக் கருவிகள் மும்மூன்றாக நிற்பதைக் காணலாம். இது ஆடம்பரமன்று, அளவியலின் தேவை.

3. அணுவின் துணை

ஊசலின் நீளம் வெப்பத்தால் மாறும். பளிங்கும் நாளடைவில் முதுமையுறும். எங்கும் என்றும் மாறாத அலைவு எது? அணுவினுள்ளே உள்ளது என்பதே பௌதிகவியல் தந்த விடை. ஒரு சீசியம் அணுவுக்கும் மற்றொரு சீசியம் அணுவுக்கும் வேறுபாடு இல்லை.

1955 ஆம் ஆண்டு, இலண்டனுக்கு அண்மையில் டெடிங்டனிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் லூயிஸ் எசன், ஜாக் பரி ஆகிய இருவரும் சீசியம் மணிக்கூட்டை இயக்கினர். அது 300 ஆண்டில் ஒரு செக்கன் அளவே பிழைக்கத்தக்கதாயிருந்தது. பின்னர் எசன், அமெரிக்க வானியலாளர் மாக்கோவிற்ஸ் என்பாருடன் இணைந்து, வானியற் செக்கனோடு ஒப்பிட்டு அதன் மீடிறனைக் கணித்தார். 1967 இல் உலக நாடுகள் கூடி, சீசியம் 133 அணுவின் 9,192,631,770 அலைவுகளின் காலமே ஒரு செக்கன் என வரையறுத்தன.

சீசியக் கருவியின் உள்ளே நிகழ்வதைச் சுருக்கமாகக் கூறுவோம். வெற்றிடக் குழாயின் ஒரு முனையிற் சிறிதளவு சீசியம் சூடாக்கப்பட்டு அணுக்கற்றையாகப் பாய்கின்றது. காந்தமொன்று ஒருவகை நிலையிலுள்ள அணுக்களை மட்டும் தெரிந்து அனுப்புகின்றது. நடுவில் அவை நுண்ணலையினூடாகச் செல்கின்றன. அலையின் மீடிறன் மேற்கூறிய எண்ணோடு சரியாகப் பொருந்தினால் அணுக்கள் நிலைமாறும். மறுமுனையிலுள்ள இரண்டாவது காந்தம் அவற்றைத் தனியாக்கி உணரிக்கு அனுப்பும். உணரியின் மின்னோட்டம் உச்சத்தில் நிற்குமாறு குவாட்ஸ் அலையாக்கி இடைவிடாது திருத்தப்படுகின்றது. ஆகவே அங்கும் துடிப்பது பளிங்கே. அது வழுவாமற் பார்ப்பது அணு.

4. பேணும் கலை

1920 இல் றூபேட் கூல்ட் என்னும் கடற்படை அதிகாரி, கிறீனிச்சில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஜோன் ஹரிசனின் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடற்கடிகாரங்களைக் கண்டார். அவர் மணிக்கூட்டுத் தொழிலிற் பயின்றவரல்லர், ஆர்வலர். பல்லாண்டு உழைத்து அவற்றை மீண்டும் இயங்கச் செய்தார். அவருடைய பொறுமை இல்லையேல் இன்று நாம் கிறீனிச்சிற் காண்பது துருவேறிய பித்தளையாகவே இருந்திருக்கும். பழைய மீடிறன் நியமங்களைப் பேணுவோர் அவர் வழியினரே.

அவர்கள் கையாளும் கருவிகள் மூவகை. முதலாவது, வெப்ப அறையினுள் வைத்த குவாட்ஸ் அலையாக்கி. பளிங்கை ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் மாறாது வைத்திருப்பதால், அறையின் குளிரும் வெயிலும் அதைத் தீண்டா. இதன் இயல்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால், அது முன்னிருந்த மீடிறனுக்கு அப்படியே திரும்பாது. அமைதியுற நாட்களும் வாரங்களும் எடுக்கும். எனவே மின்தடை வந்தாலும் ஓயாதிருக்க மின்கலவடுக்கு இணைத்து வைப்பர்.

இரண்டாவது, உருபீடியம் நியமம். இத்தகைய சிறு கருவிகள் பல, கைத்தொலைபேசிக் கோபுரங்களிலிருந்து கழிக்கப்பட்டு மலிவாகச் சந்தைக்கு வந்தன. இதனுள்ளே உருபீடியம் ஆவி நிரம்பிய சிறு விளக்கு உண்டு. ஆண்டுகள் செல்ல ஒளி மங்கும். கண்ணாடியில் இடம்மாறிப் படிந்த உருபீடியத்தை மெல்லச் சூடாக்கி உரிய இடத்துக்கு மீட்டு, விளக்கை மறுபடி எரியச் செய்வோர் உளர்.

மூன்றாவது, சீசியம் நியமம். 1960 களில் ஹியூலற் பக்காட் நிறுவனம் தயாரித்த 5061ஏ என்னும் கருவி ஏறத்தாழ 30 கிலோகிராம் நிறையுடையது. இதன் குழாயிலுள்ள சீசியம் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும். இயக்காமல் வைத்தாலோ குழாயின் வெற்றிடம் சிறிது சிறிதாகக் கெடும். ஆகவே அதை எரித்தும் தீர்க்கலாகாது, மறந்தும் விடலாகாது. காலத்துக்குக் காலம் வெற்றிடப் பம்பியை மட்டும் இயக்கி, குழாயை நலமாக வைத்திருத்தல் வேண்டும்.

இவற்றுக்குப் பொதுவான நோய், மின்வழங்கலிலுள்ள மின்பகு கொள்ளளவிகள் உலர்ந்துபோதலாகும். சுற்று வரைபடத்தைப் பார்த்துப் பழுதான உறுப்பைக் கண்டு, பற்றாசு பிடித்துப் புதிதைப் பொருத்துவர். அக்காலத்துக் கையேடுகளில் வரைபடங்கள் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தமை இதற்குப் பெருந்துணை. எனினும் சீசியக் கருவியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டு. சீசியம் நீர்பட்டால் வெடித்தெரியும். தகுந்த பயிற்சியுள்ள பெரியவரின்றி இத்தகைய கருவிகளைத் திறத்தல் கூடவே கூடாது.

5. மலையேறிய மூன்று மணிக்கூடுகள்

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 2005 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். ரொம் வான் பாக் என்னும் ஆர்வலர், மூன்று சீசியம் மணிக்கூடுகளையும் மின்கலவடுக்குகளையும் குடும்ப வாகனத்தில் ஏற்றி, தம் மூன்று பிள்ளைகளுடன் றெய்னியர் மலைக்குச் சென்றார். வீட்டைவிட ஏறத்தாழ 1,340 மீற்றர் உயரத்தில் இரு நாள் தங்கித் திரும்பினார்.

உயரத்திற் காலம் விரைவாக ஓடும் என்பது ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கை. திரும்பி வந்து, வீட்டில் நின்ற மணிக்கூடுகளோடு ஒப்பிட்டபோது, மலையேறியவை 20 நானோசெக்கனுக்குச் சற்று அதிகமாக முந்தியிருந்தன. கணக்கும் அதையே கூறிற்று. ஒரு நானோசெக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றரே செல்லும். அந்தப் பிள்ளைகள் அவ்விரு நாளில் தம் வீட்டைவிட அவ்வளவு கூடுதலாக வாழ்ந்தனர். அவர்களின் தந்தை அதை அளந்து காட்டினார். 1971 இல் ஹாவெலே, கீற்றிங் என்போர் விமானங்களில் மணிக்கூடுகளை உலகஞ் சுற்றக் கொண்டுசென்று காட்டிய உண்மையை, ஒரு குடும்பம் விடுமுறைப் பயணத்திற் கண்டுகொண்டது.

6. செக்கனும் நேரமும்

செக்கன் இயற்கை தந்தது. ஆனால் இப்போது மணி எத்தனை என்பது மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. இதை நம்மவர் நன்கறிவர். இலங்கையில் 1996 மே மாதம் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டன. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளப்பட்டன. 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரம் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிற் பழைய நேரமே வழங்கிற்று. அப்போது மாணவனாயிருந்த எனக்கு, யாராவது மணி சொன்னால் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. மின்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்தமையால் குவாட்ஸ் மணிக்கூடுகள் சுவரில் உறங்கின. சாவி கொடுக்கும் மணிக்கூட்டைப் பரணிலிருந்து இறக்கி, எண்ணெயிட்டு ஓடவிட்ட வீட்டுக்கே அயலவர் நேரம் கேட்க வந்தனர். பழையதைப் பேணி வைத்தவரிடமே அன்று காலம் இருந்தது.

பெற்றோரே, வீட்டிற் பழுதான மணிக்கூட்டைக் குப்பையில் இடுமுன், மின்கலத்தை அகற்றி, அதைத் திறந்து பார்க்கப் பிள்ளைக்கு ஒருமுறை இடங்கொடுங்கள். ஒரு பொருளைத் திருத்தக் கற்றவன் அதன் நுட்பத்தை மறப்பதில்லை. பொறுமையும் ஒழுங்கும் ஏட்டில் மட்டும் வருவன அல்ல.

7. மாணவர் செய்து பார்க்க

அ) உங்கள் குவாட்ஸ் மணிக்கூட்டை இன்று சரியான நேரத்துடன் செக்கன் பிசகாது பொருத்துக. முப்பது நாள், நாளும் ஒரே வேளையில், அது எத்தனை செக்கன் முந்தியது அல்லது பிந்தியது எனக் குறித்து வரைபு வரைக.

ஆ) 30 நாளில் 15 செக்கன் பிந்தினால், நாளொன்றுக்கு அரைச் செக்கன். ஒரு நாளில் 86,400 செக்கன். எனவே பிழை, பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 6 பங்கு. உங்கள் மணிக்கூட்டின் பிழையை இவ்வாறே கணிக்க.

இ) வரைபு நேர்கோடாக அமைந்தால் உங்கள் மணிக்கூடு பிழையானதாயினும் உறுதியானது, அதன் பிழையைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். வரைபு வளைந்து நெளிந்தால், குளிர் மிகுந்த நாட்களோடு அந்நெளிவு ஒத்துப்போகின்றதா எனப் பார்க்க.

ஈ) ஒரு நாளேனும் குறிக்கத் தவறாதீர்கள். இக்கலையின் முதற் பாடமும் அதுவே. முடிந்த பாடமும் அதுவே.